பெட்டிக்குப் பின்னால் ராணி

ராணி வேடத்துக்கான உடுப்புப் படம், தன்னை வரைந்த சிங்காரவேலரைக் கடைசியாக உயிரோடு பார்த்தது துணிப்பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தபோதுதான். அவர் முட்டி போட்டு அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

“அக்கா, கொஞ்சம் சரசரத்துக் காட்டேன். தையற்காரர்கிட்ட போனாத்தானே நாம உடுப்பாவோம்?” என்றது படத்தின் மூலையில் ஊசியால் குத்தியிருந்த மாதிரித் துணி.

“அந்தத் தையற்காரர் மேஜையெல்லாம் மெஷின் எண்ணெய். தளபதி வேடத்துப் படத்து மேல டீ டம்ளரை வச்சவர்தானே? நாளைக்குப் பார்க்கலாம், சும்மா இரு.”

அன்றிரவே சிங்காரவேலர் மாரடைப்பில் போய்விட்டார். நாடகத்தன்று ராணி வாடகைச் சேலையில் மேடையேறினாள். கைதட்டல் பெட்டி வரை கேட்டது.

“ஒரு தடவை சரசரத்திருக்கலாம்,” என்றது படம்.

“இனி யாருக்குக் கேட்கும், அக்கா?” என்றது துணி.

படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. நிறம் மங்கவே இல்லை.