வயர் கொடுக்காத இன்டர்காம்

காலை ஆறு இருபதுக்கு இன்டர்காம் அடித்தது.

ஈராக் படையெடுப்புக்கு முன் குவைத்தில் கட்டிய அந்த ஃபிளாட்டைப் புதுப்பித்திருந்தார்கள். வாங்குபவர்கள் ஒன்பதுக்கு வருவார்கள். தரை துடைக்க வந்த சுகந்தா, பதினான்கு வருடங்களுக்கு முன் இதே வீட்டில் பிள்ளை பார்த்தவள். ஈராக் ராணுவம் நகருக்குள் நுழைந்த காலையில், விஷயம் தெரியாமல், ஆறு வயது யூசுப்பைக் கீழே ரொட்டி வாங்க அனுப்பியதும் அவள்தான். அவளிடம் தமிழ் பேசிப் பழகிய பிள்ளை. அவன் திரும்பவில்லை.

"அதுக்கு இன்னும் வயரே குடுக்கேல்லை அக்கா," என்றான் எலக்ட்ரீசியன் பிரதீஸ். "பேயோட கதைக்கப் போறியளோ?"

சுகந்தா எடுத்தாள். மறுமுனையில் ஒரு குழந்தை மூச்சு வாங்கியது. படிக்கட்டுப் பக்கமிருந்து சூடான ரொட்டி வாசனை வந்தது. வாசற்கதவை அகலத் திறந்து வைத்தாள்.

"ஏறி வாங்கோ ராசா. நான் இஞ்சதான் நிக்கிறன்."