தங்குவோர் பட்டியல்

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஒரு மாணவியாவது தங்கினால்தான் விடுதி திறந்திருக்கும். இல்லையென்றால் மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். யுத்த வருஷங்களில் ஊருக்குப் போக முடியாமல் யாராவது ஒருத்தி தங்கிவிடுவாள். யுத்தம் முடிந்த இந்த டிசம்பரில் எல்லோரும் கிளம்பினார்கள். ஒரே ஒரு பெயருக்காக வார்டனான நான் அறை அறையாக அலைந்தேன்.

“ருகையா, நீ தங்கேன். லைப்ரரி முழுக்க உனக்குத்தான்.”

“காயல்பட்டணத்துல உம்மா வட்டிலப்பம் செஞ்சு வச்சிருப்பாங்க அக்கா. இங்கன இருந்து புத்தகத்தையா திங்க?”

மிச்சம் முத்துக்கனி மட்டும்தான். காய்ச்சலில் படுத்திருந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு தணிந்திருந்தது. அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. என் கையை நானே வெறுத்தேன்.

“இந்த உடம்போட உடன்குடி வரைக்கும் போகாதே. கஞ்சி நானே வச்சுத் தாரேன்.”

“எங்க ஐயா வண்டியோட வந்துட்டாவ அக்கா. தனியா இருக்கப் பயமா உங்களுக்கு?” என்று சிரித்தாள்.

ஐந்து மணிக்கு அவளும் போய்விட்டாள். காவல்காரர் தாணுலிங்கம் பூட்டோடு வந்தார்.

“சாவியைக் கொடுங்க, வார்டனம்மா. வருஷம் பூரா இந்தப் பிள்ளைகளோட மல்லுக்கட்டுதீக. பத்து நாளாவது உங்க வீட்டுல நிம்மதியா இருந்துட்டு வாங்க. வண்டிக்காரன்ட்ட எங்கன்னு சொல்லட்டும்?”

கணவர் இறந்த பிறகு இந்த விடுதி அறையைத் தவிர எனக்கு வேறு வீடில்லை என்பது அவருக்குத் தெரியாது.

“ஸ்டேஷனுக்கு” என்றேன்.