எட்வின் சாரின் முதுகு

“ராஜீவ், எனக்கு ஜோடியை மாத்திக் குடு. இந்த முதுகு வலிக்காரரோட ஓடினா, நான் மெடல் வாங்கின மாதிரிதான்!”

போனில் படபடத்தாள் கிரிஜா. மறுநாள் காலை, லோத்குண்டா ஓட்டக் குழுவின் பத்து கிலோமீட்டர் ஓட்டம். தொண்ணூறு நிமிடத்துக்குள் முடித்தால் மெடல். நாற்பத்தாறு வயதில் ஷூ வாங்கி, நான்கே மாதமாக ஓடப் பழகியவளுக்கு அந்த மெடல் மேல் கொள்ளை ஆசை.

ஆனால் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ராணுவ மதிலை ஒட்டிப் போகும் சாலையில் ஆள் நடமாட்டம் குறைவு, நாய்கள் அதிகம். அதனால் எப்போதும் ஜோடி ஜோடியாகத்தான் ஓட வேண்டும். நாளைக்கும் அப்படித்தான். ஜோடியில் இருவரும் கோட்டைத் தாண்டினால்தான் கணக்கு.

கிரிஜாவுக்கு வாய்த்த ஜோடி எட்வின். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. பத்து வருஷமாக ஓடுகிறாராம். ஓடி என்ன பிரயோஜனம்? ஒரு கிலோமீட்டர் போவதற்குள், “ஒரு நிமிஷம் மேடம், முதுகு பிடிச்சிக்கிச்சு” என்று மதிலோரம் ஒதுங்கிவிடுவார்.

இடுப்புப் பையிலிருந்து, பழைய சாக்ஸில் போட்டு முடிந்த டென்னிஸ் பந்து வெளியே வரும். அதை முதுகுக்கும் மதிலுக்கும் நடுவில் வைத்து, முழங்காலை மடக்கி மடக்கி மேலும் கீழுமாக உருட்டுவார். அப்புறம் மதிலைப் பிடித்துக் குனிந்து, நிதானமாக உடம்பை நீட்டுவார். நடுநடுவே “ஹா... அப்பாடா!” வேறு. அதெல்லாம் முடியும்வரை கிரிஜா தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அவளும் சும்மா இருக்கவில்லை. வீடியோக்கள் பார்த்து அவருக்குப் பாடம் எடுத்தாள்.

“எலும்பு மேல வைக்காதீங்க சார், பக்கத்துச் சதையில வெச்சு அழுத்துங்க. வீட்ல மல்லாக்கப் படுத்து முழங்காலை நெஞ்சுக்கு இழுக்கணும். தினமும் செய்றீங்களா?”

“ஹவ் மேடம், ஆமா, தினமும் செய்றேன்.”

செய்து என்ன? நேற்று இடது பக்கம் வலி, இன்று வலது பக்கம். கிரிஜாவுக்குச் சந்தேகமே இல்லை. இதையும் அதே போனில் ராஜீவிடம் கொட்டினாள்.

“வலி அதெப்படி நாளுக்கொரு பக்கம் போகும்? சுத்த நடிப்பு! ஓட முடியலைன்னா வீட்ல படுத்துக்கட்டும். எனக்கு அவர் நக்கோ, வேண்டவே வேண்டாம்!”

குழுத் தலைவன் ராஜீவ் எதற்கோ சிரித்தான். “லிஸ்ட் போட்டாச்சு ஆன்ட்டி. ஒரே ஒரு நாள் பொறுத்துக்குங்க.”

மறுநாள் ஓட்டம் தொடங்கியதிலிருந்தே கிரிஜாவின் கண் சாலையில் இல்லை, எட்வினின் இடுப்புப் பையில் இருந்தது. முதல் கிலோமீட்டர் போனது. இரண்டு, மூன்று, ஐந்து... மனிதர் நிற்கவே இல்லை.

ஏழாவதில் அவளே கேட்டுவிட்டாள். “முதுகு எப்படி சார் இருக்கு?”

“இன்னிக்குத் தொந்தரவு இல்ல மேடம்.”

“இன்னிக்கு மட்டும் அந்தப் பந்தை எடுத்துடாதீங்க, ப்ளீஸ்!”

“எடுக்கல. நீங்க இதே வேகத்துல வாங்க.”

எண்பத்தேழாவது நிமிடம் இருவரும் சேர்ந்து கோட்டைத் தாண்டினார்கள். கழுத்தில் மெடல் விழுந்ததும் கிரிஜா சின்னப் பெண் மாதிரி குதித்தாள். எட்வின் இருவருக்கும் டீ வாங்கப் போனார். அவர் மனைவி ரோஸ்லின் கைகுலுக்க வந்தாள்.

மெடல் விழுந்த கழுத்துக்குத் தாராள மனசும் வந்துவிட்டது.

“உங்க வீட்டுக்காரரை ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க ரோஸ்லின். நாலு மாசமா அவர் முதுகுக்காக நான் நின்னு நின்னுதான் ஓடினேன். வேற யாராவதுன்னா, இந்த ஜோடியே வேண்டாம்னு ஓடியிருப்பாங்க.”

இதைச் சொல்லும்போது முந்தின நாள் போன் அவளுக்கு ஞாபகமே வரவில்லை.

“முதுகா? இவருக்கா?” ரோஸ்லினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அரிசி மூட்டையைத் தோள்ல வெச்சுக்கிட்டு மூணு மாடி ஏறுறவர் மேடம்!”

“அப்ப தினமும் மதில்ல சாஞ்சு உருட்டினாரே?”

“இந்த வருஷம் முதுகு. போன வருஷம் வினய் ஓட வந்தப்ப இவருக்கு முட்டி வலி. அதுக்கு முந்தின வருஷம் நடேசன் சாரோட ஓடினப்ப கணுக்கால். என்ன செய்யறது மேடம்? புதுசா வர்றவங்களுக்கு மூச்சு வாங்கினா, பாவம், இவருக்கு எங்கேயாவது வலிச்சே ஆகணும்!”