பச்சை ஸ்டிக்கர்

பைக்குள் ஐஸ் இல்லை. தண்ணீர்தான் இருந்தது.

அவள் கையை விட்டுப் பார்த்தாள். வெதுவெதுவென்று இருந்தது. பால்கனியில் நல்ல வெயில். மணி மூன்று. இன்னும் ஒரு மணி நேரத்தில் அப்பா வந்து ஜிப்பைத் திறப்பார்.

மருந்தைக் குளிர்ச்சியாக வைக்கும் அந்தப் பையை வாங்கிக் கொடுத்தது மாடி வீட்டு அத்தை, அப்பாவின் தங்கை. நாளை அவளுடைய பள்ளியில் எல்லோரையும் ஏரிக்கு அழைத்துப் போகிறார்கள். மதியம் அவள் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டாக வேண்டும். மருந்து சூடாகக் கூடாது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பயணத்தில் காரின் சூட்டில் மருந்து கெட்டுப்போய், மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதற்குப் பிறகு அப்பா அவளை எங்கும் அனுப்பவில்லை.

அப்பா ஃபிரிட்ஜ் மெக்கானிக். காலையில் பையைத் தரையில் வைத்துச் சுற்றி வந்தார். பக்கவாட்டை இரண்டு விரலால் அழுத்தி உள்ளே எவ்வளவு கனம் என்று பார்த்தார். தையலில் நகத்தை ஓட்டினார். தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்து, அடியில் சொட்டுகிறதா என்று காத்திருந்தார். சொட்டவில்லை.

"மெத்து மெத்துனு தலகாணி மாதிரி இருக்கு. இதுல எங்க குளிரு நிக்கும்?" என்றார்.

"ஊர்ல இருக்கற ஓட்ட ஃபிரிட்ஜை எல்லாம் நம்புவே. தங்கச்சி வாங்கின பையை நம்ப மாட்டே," என்றாள் அத்தை.

"நம்பிக்கை எதுக்கு? தெர்மாமீட்டர் இருக்கு."

இரண்டு தட்டு ஐஸைக் கொட்டினார். தெர்மாமீட்டரை உள்ளே வைத்து மூடிப் பால்கனியில் கொண்டுபோய் வைத்தார்.

"நாலு மணி வரைக்கும் யாரும் திறக்கக் கூடாது. எட்டு டிகிரிக்குக் கீழ இருந்தா பச்சை ஸ்டிக்கர் ஒட்டறேன். போயிட்டு வா."

அவர் சரிபார்த்த ஒவ்வொரு ஃபிரிட்ஜிலும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்துப் போடுவார். அது இருந்தால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட வந்தார். அவள் நாளைக்கு வேண்டிய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்று பார்த்தார்.

"அதுக்குள்ளயா?"

"நீங்க சரின்னு சொல்லிட்டா அப்புறம் நேரம் இருக்காதேப்பா."

அவர் வழக்கம்போல கீசரைப் போட்டு, கிரீஸ் போகக் கை கழுவி, சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அவளால்தான் நாலு மணி வரை பொறுக்க முடியவில்லை; மூன்று மணிக்கே திறந்துவிட்டாள்.

கூடத்தில் யாரோ ஒருவருடைய ஃபிரிட்ஜ் எப்போதும் சோதனையில் ஓடிக்கொண்டிருக்கும். அதைத் திறந்து ஐஸ் தட்டுகளை எடுத்தாள். பையிலிருந்த தண்ணீரைக் கொட்டினாள். ஒரு டம்ளர் அளவுக்கு மட்டும் விட்டுவைத்தாள். முழுக்க ஐஸாக இருந்தால் அப்பாவுக்குச் சந்தேகம் வரும். நாளைக்கு ஐஸை அதிகமாகப் போட்டுக்கொண்டால் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஜிப்பை மூடினாள்.

நாலு மணிக்கு அப்பாவும் அத்தையும் சேர்ந்தே வந்தார்கள். அப்பா ஜிப்பைத் திறந்தார். தெர்மாமீட்டரைத் தொடாமல், ஒரு ஐஸ் கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னண்ணா, பேச்சே காணோம்?" அத்தை தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தாள். "ரெண்டு டிகிரி. இப்ப சொல்லு, தலகாணியா இது?"

"ரெண்டுதான்," என்றார் அப்பா.

எந்த ஃபிரிட்ஜானாலும் நடுவில் யார் திறந்தது, எப்போது திறந்தது என்று குடைந்தெடுப்பவர். இன்று எதுவும் கேட்கவில்லை. அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நம்பிவிட்டார் என்று நினைத்தாள். கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பாள். கேட்காமல் இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

"ஸ்டிக்கரை எடு. ஒட்டினாதான் நான் மாடி ஏறுவேன்," என்றாள் அத்தை.

அவர் சட்டைப் பையிலிருந்து ஸ்டிக்கரை எடுத்தார். கையெழுத்துப் போட்டார். பின்தாளை உரித்து, ஒட்டாமல் விரல் நுனியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு கையில் ஐஸ் உருகி முழங்கை வழியாகச் சொட்டியது.

"ஒட்டாதீங்கப்பா," என்றாள் அவள்.

இருவரும் திரும்பினார்கள்.

"அதுல ஐஸ் நிக்கலப்பா. மூணு மணிக்கே எல்லாம் தண்ணியாயிடுச்சு. கூடத்து ஃபிரிட்ஜுல இருந்து நான்தான் வேற எடுத்துப் போட்டேன்." அவள் குரல் உடைந்தது. "நான் போகலப்பா. உங்க கையெழுத்து பொய்யாயிடும்."

"அடிப்பாவி," என்று அத்தை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அப்பா குனிந்தார். பையின் மூடியைச் சட்டை நுனியால் துடைத்து, ஸ்டிக்கரை ஒட்டினார். நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்திவிட்டார். அதற்குப் பிறகும் நிமிரவில்லை.

"நல்ல பைதான்மா," என்றார். "மத்தியானம் நான்தான் சுடுதண்ணி ஊத்தினேன்."