கறுப்புப் படம்

இருதயராஜ் இறந்துபோன பிறகு, படம் காட்டிப் பேசும் வீட்டுத் திரைச்சுவருக்குக் கரிசனம் கூடிவிட்டது. தன்மேல் ஓடும் பழைய படங்களையெல்லாம் அதுவே திருத்தியது. அவர் மூடியிருந்த கண்களைத் திறந்தது, உம்மென்றிருந்த முகத்தைச் சிரிக்க வைத்தது. இப்போது அவர் மனைவி ஸ்டெல்லாவுக்கு எவ்வளவு முயன்றாலும் அந்தத் திருத்திய சிரிப்புதான் நினைவுக்கு வருகிறது. நிஜ முகம் வர மாட்டேன் என்கிறது.

ஒரு படத்தில் மட்டும் அவள் சுவரைக் கைவைக்க விடவில்லை. அது முழுக்கக் கறுப்பு. இருதயராஜே பிடிவாதமாகப் பிரிண்ட் போட்டு வாங்கி வந்து, பிறகு சுவரிலும் ஏற்றியது.

“இந்தப் படம் காலியாக இருக்கிறது. நிரப்பட்டுமா?” என்று சுவர் இன்றும் கேட்டது.

“நெரப்பட்டுமேம்மா,” என்றாள் மகள் பிரிசில்லா.

“அது தரங்கம்பாடிடி. கல்யாணமான புதுசு. அப்பாவோட ஃபிலிம் கேமராவுல பாக்குற ஜன்னல் வேற, லென்ஸ் வேற. ‘ஜன்னல்ல ரெண்டு ஸ்டெல்லா தெரியுது, ஒண்ணாச் சேக்குறேன், அசையாத’ன்னு ஃபோகஸ் வளையத்தைத் திருகித் திருகி ஒரு ரோல் முழுக்க எடுத்தாரு. எனக்குக் கண்ணுல வெயிலு, எதையும் கவனிக்கல. கடைசியில சங்கு விக்கிறவர் வந்து, ‘சார், லென்ஸ் மூடியக் கழட்டலியே’ன்னாரு.”

பிரிசில்லா விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்பா என்ன சொன்னாரு?”

“எங்க சொன்னாரு! ஒரு முழி முழிச்சாரு பாரு…”

ஸ்டெல்லா கண்ணை மூடினாள். கடற்கரை வெயிலில், கையில் மூடியுடன், யாரும் திருத்தாத இருதயராஜ் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்.