சிவப்பு இடது கண்ணுக்கு

அப்பாசாமி ரூலரை எடுத்துப் படத்தின் மேல் வைத்து அளந்தார். கலியாணசுந்தரம் வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு மாதம் உட்கார்ந்து வரைந்த யானை அது. காஜா என்றால் யானை; காஜா பெராங் என்ற தங்கள் ஊர்ப் பெயரிலேயே யானை இருக்கிறதே என்று ஆசையாக வரைந்தது. சிவப்பு மையில் ஒரு தடவை, சற்றுத் தள்ளிப் பச்சை மையில் ஒரு தடவை. ஒரு கண்ணுக்குச் சிவப்பு, மறு கண்ணுக்குப் பச்சை என்று வண்ணத்தாள் ஒட்டி அவரே செய்த அட்டைக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால், தும்பிக்கை தாளைவிட்டு எழும்பி மூக்குக்கு நேரே வந்து நிற்கும். அப்பாசாமி அந்தக் கண்ணாடியைக் கையில்கூட எடுக்கவில்லை.

“சிவப்புக் கோடு வலது பக்கம் இருக்கு வாத்தியாரே. சட்டப்படி இல்ல. கண்காட்சியில மாட்ட முடியாது.”

வாத்தியார் படத்தை அவர் தள்ளுவது இது மூன்றாவது தடவை.

சட்டம் என்று அவர் சொன்னது அவரே எழுதியது. உமர் நானாவின் காகிதக் கடைக்கு வந்த அமெரிக்கப் படக்கதைப் புத்தகத்தில் இப்படி ஒரு கண்ணாடி இலவசமாக இருந்தது. அதைப் பார்த்து ஐந்து பேருக்குப் பைத்தியம் பிடித்து, கழகமும் ஆரம்பித்தார்கள். ஆனால் ஒருவர் சிவப்பை இடது கண்ணுக்கு ஒட்டினார், ஒருவர் வலது கண்ணுக்கு. ஒருவர் கண்ணாடியில் எழும்பும் படம் அடுத்தவர் கண்ணாடியில் குழிக்குள் போனது. போன வருஷம் ஊரைக் கூட்டிக் காட்டியபோது சனங்கள் சிரித்துவிட்டுப் போனார்கள்.

அன்றைக்குப் பிடித்தது அப்பாசாமிக்குப் பிடிவாதம். நில அளவை ஆபீசில் வரைபடம் வரைகிறவர். கண்ணாடியில் சிவப்பு இடது கண்ணுக்கு. எழும்ப வேண்டிய பொருளுக்குச் சிவப்புக் கோடு இடது பக்கம். இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பத்து பெரெண்டாம், புக்கிட் ரம்பாய் என்று ஊர் ஊராக மழையில் சைக்கிள் மிதித்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். நாட்டுக்கே அப்போதுதான் சட்டம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேர் கழகத்துக்கு இவர் எழுதி முடித்துவிட்டார். ஆளை வாசலைவிட்டு அனுப்பினால் போதும் என்று வாத்தியாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்.

“பெரிய கவர்னர்னு நெனப்பு,” என்று உமர் நானாவிடம் குமுறினார் வாத்தியார். “அடுத்தவன் படத்தை என்னைக்காவது கண்ணாடி போட்டுப் பார்த்திருக்காரா? படம் காட்டுறப்பகூட அவர் படத்தைப் பார்க்கிறதில்ல. வந்தவங்க மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டு நிக்கிறாரு. யாராவது பாராட்ட மாட்டாங்களான்னு. அவருக்குப் பார்க்கத் தெரியுமான்னே எனக்குச் சந்தேகம்லா. நாலு பேர் முன்னால காட்டுறேன் பாருங்க.”

மெர்டேக்கா என்ற சுதந்திர வாரத்தில் கண்காட்சி. மண்டபம் நிறைய ஆட்கள். வாத்தியார் புதுப் படம் ஒன்றை நியூஸ் பேப்பரால் மூடிக்கொண்டு வந்தார். பண்டார் ஹிலிர் கோட்டை வாசல், அதன் முன்னால் ஒரு பீரங்கி. வேண்டுமென்றே சிவப்பை வலது பக்கம் வைத்து வரைந்திருந்தார்.

அப்பாசாமி ரூலரை எடுத்தார். இன்றைக்காவது அதை வைத்துவிட்டுக் கண்ணால் பார்க்கச் சொன்னார் வாத்தியார்.

“சட்டப்படிதானே வரைஞ்சிருக்கீங்க?”

“கையெழுத்துப் போட்டவன்லா நானு.”

அப்பாசாமியின் முகம் மலர்ந்தது. ரூலரைப் பையில் செருகிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வாத்தியார் பேப்பரை விலக்கினார்.

பக்கத்தில் நின்ற உமர் நானாவும் கண்ணாடியோடுதான் பார்த்தார். பீரங்கி சுவருக்குள்ளே புதைந்து கிடந்தது. அவர் வாய் திறப்பதற்குள் அப்பாசாமி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“பிரமாதம் வாத்தியாரே. பீரங்கி அப்படியே எழும்பி வெளிய வருது. இதை வாசல்லயே மாட்டுவோம்.”

வாத்தியார் காத்திருந்தது இதற்குத்தான். கூட்டத்தின் பக்கம் திரும்பி, படத்தைச் சட்டத்துக்கு நேர்மாறாக வரைந்ததையும், பீரங்கி உள்ளே போயிருப்பதையும் எடுத்துச் சொன்னார். இதுகூடத் தெரியாதவர்தான் இத்தனை நாளாக நமக்கெல்லாம் சட்டம் போட்டார் என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அப்பாசாமி கண்ணாடியைக் கழற்றினார். பிறகு இடது கை விரலால் தன் இடது கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

“ஒன்பது வயசுல காய்ச்சல் வந்து இதுல பார்வை போச்சு. வெளிய பார்க்க நல்ல கண்ணு மாதிரிதான் இருக்கும். இந்தப் படமெல்லாம் ரெண்டு கண்ணு உள்ளவங்களுக்குத்தான் எழும்பும். நான் ஒரு படம்கூட எழும்பிப் பார்த்ததில்ல.”

அப்பாசாமி கண்ணாடியை மடித்துப் பையில் வைத்தார்.

“தப்பா வரைஞ்சா நீங்க பார்த்துத் திருத்திக்குவீங்க. எனக்குச் சட்டம் இருந்தாத்தான் வரைய முடியும். வந்தவங்க பயந்து ஒரு அடி பின்னால போறாங்க பாருங்க, அந்த மூஞ்சியைப் பார்த்துத்தான் என் படம் சரின்னு தெரிஞ்சுக்குவேன்.”

வாத்தியார் எதையோ பிடித்துக்கொள்ளப் பார்த்தவர்போல, அப்படியானால் பீரங்கி எழும்புகிறது என்று எதை வைத்துச் சொன்னீர்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

“நீங்க கையெழுத்துப் போட்டிருந்தீங்களே, வாத்தியாரே.”