செம்பியின் பிடி

அத்திமரத்துக் குரங்கு செம்பிக்கு அது தலைச்சன் குட்டி. விழுந்துவிடுமோ என்ற பயத்தில் அதன் வாலை அவள் விடுவதே இல்லை. குட்டி தாவப் பார்க்கும்; வாலைப் பிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொள்வாள்.

பக்கத்துக் கிளையில் இருந்த அவள் அக்கா, நாலு பெற்றவள், சிரித்தாள்.

"ஏண்டி, நீ பிள்ளை வளர்க்கிறியா, பட்டம் விடுறியா?"

"உனக்கென்ன அக்கா, சொல்லுவே! விழுந்தா என் பிள்ளைதானே விழும்?"

"சரி சரி, திரும்பு. முதுகெல்லாம் பேன். பார்த்து விடுறேன்."

பேன் பார்த்த சுகத்தில் செம்பி கண்ணயர்ந்தாள். விழித்தபோது கையில் வால் இல்லை. குட்டி உச்சிக் கிளையில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அவள் பதறி எழுந்து இரண்டு கைகளையும் மேலே நீட்டினாள்.

அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் குட்டி ஆட்டத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்தது. தன் வாலை எடுத்து அவள் கையில் வைத்தது.

"பயப்படாதேம்மா. இந்தா, கொஞ்ச நேரம் பிடிச்சுக்கோ."